வேகமா நீந்தணுமா? முதல்ல தலையைத் தாழ்த்துங்க!

உப்பிலியபுரம் பக்கம் கிணற்றில், முதுகில் கேனைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகியவர்கள் பலரும் தலையைத் தூக்கியபடியே நீந்துவார்கள். கிணற்றைச் சுற்றிவர அது போதும். ஆனால், நீச்சல் குளத்தில் 50 மீட்டர் போவதற்குள் மூச்சு வாங்கிவிடும். உடம்பில் தெம்பு இல்லாததால் அல்ல, தண்ணீர் தடுப்பதால்.

தண்ணீர், காற்றைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால், அதன் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். எனவே எதிர்ப்பைக் குறைப்பதுதான் லாபம். ஃப்ரீஸ்டைலில் இவற்றைக் கவனியுங்கள்.

* தலை: உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழ்ந்துவிடும். பார்வை குளத்தின் தரையில் இருக்கட்டும்.

* மூச்சு: தண்ணீருக்குள் முகம் இருக்கும்போதே மூச்சை விடுங்கள். உள்ளிழுக்க, உடலோடு சேர்த்துத் தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் போதும்.

* கை: தண்ணீரைக் கீழே அழுத்தினால் உடல் மேலெழும், முன்னே போகாது. முழங்கையை உயர்த்தி, பின்னோக்கித் தள்ளுங்கள்.

* கால்: முழங்காலை அதிகம் மடக்காமல், இடுப்பிலிருந்து சின்னச் சின்னதாக உதையுங்கள்.

1994-ல் 12 வயது குற்றாலீஸ்வரன் நீந்திக் கடந்த ஆங்கிலக் கால்வாய், மிகக் குறுகிய இடத்திலேயே சுமார் 33 கி.மீ. அகலம். அவ்வளவு தூரத்துக்கு, ஒவ்வொரு கைவீச்சிலும் மிச்சமாகும் சக்திதான் கைகொடுக்கும்.

புது முறையைத் தனியாகப் பழக வேண்டாம். நீச்சல் நன்றாகத் தெரிந்த ஒருவர் அருகில் இருக்கட்டும். கிணறு என்றால் கட்டாயம்!