ஏடு பிரிக்கும் நாள்

ஊருக்குச் சுவடிக் கண்காட்சி வருகிறது என்றால், முதியோர் பலர் கோயிலுக்குச் செல்வது போலவே நீராடி, நீறோ திருமண்ணோ அணிந்து புறப்பட்டுவிடுகின்றனர். பள்ளி மண்டபத்தில் வரிசையாகக் கண்ணாடிப் பேழைகள். உள்ளே பழுப்பேறிய பனையோலைகள். இது தேவாரம், இது திருவாய்மொழி என்று எழுதியுள்ள அட்டையைப் பார்த்ததும் கை குவிகிறது. கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்த பேழைக்கு நகர்கின்றனர். எழுத்தைப் படிக்க முயல்வோர் மிகச் சிலர். முயன்றாலும் எளிதன்று. ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. சொற்கள் இடைவெளியின்றி ஓடும். ஆகவே பார்வை வணக்கத்தோடு முடிந்துவிடுகிறது. ஏட்டுக்கு அந்த வணக்கம் ஒன்றே போதுமா என்பதைத் தாமிரபரணி நாட்டில் முன்பு நிகழ்ந்தவற்றைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாம்.

தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரம் என்றதும் தமிழன்பர்களுக்கு ஜி.யு. போப் நினைவுக்கு வருவார். 1842 முதல் அவ்வூரில் தங்கிக் கல்விச்சாலை நடத்திய அவர், பிற்காலத்தில் இங்கிலாந்து சென்று 1886-இல் திருக்குறளையும், எண்பது வயதில், 1900-இல், திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். அத்திருவாசகம் அச்சு ஏறுமுன் பல நூற்றாண்டுகள் ஓலையிலேயே உயிர் வாழ்ந்தது. மணிவாசகர் சொல்லச் சொல்லத் தில்லைக்கூத்தனே அந்தணராக வந்து எழுதி, கையொப்பமும் இட்டுத் திருவாயிற்படியில் வைத்தான் என்பது வரலாறு. அந்த ஏடு புதுச்சேரி அம்பலத்தாடையார் மடத்தில் இருப்பதாக அன்பர்கள் நம்பி வணங்குகின்றனர். இறைவனே ஏடெழுதுபவனாக அமர்ந்த பெருமை வேறெந்தத் தொழிலுக்கு வாய்த்தது?

சாயர்புரத்தைச் சூழ்ந்த செம்மண் தேரிகளில் நிற்கும் பனைகளே ஏட்டுக்கும் தாய். முற்றாத இளம் ஓலையை ஈர்க்கு நீக்கி நறுக்கி, வெந்நீரில் வேகவைத்து உலர்த்தி, வழவழப்பாகத் தேய்த்துப் பதப்படுத்துவர். எழுத்தாணியால் கீறியபின் கரியும் பச்சிலைச் சாறும் தடவினால் எழுத்துத் துலங்கும். துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் சுவடி. இத்தனை செய்தும், நம் நாட்டு வெயிலிலும் ஈரத்திலும் ஓர் ஏடு இருநூறு முந்நூறு ஆண்டுகளைக் கடப்பது அரிது. அதற்குள் மற்றொருவர் அமர்ந்து புதிய ஓலையில் பெயர்த்தெழுதியாக வேண்டும். எழுதுபவர் எடுத்தார், படித்தார், எழுதினார். அதனால் ஏடு வாழ்ந்தது. பூட்டி வைத்த ஏட்டுக்குக் காவல் கறையானே. தில்லையில் மூவர் தமிழ் இருந்த அறை திறக்கப்பட்டபோது இராசராச மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் கண்டது புற்று மூடிய ஏடுகளைத்தான் என்று திருமுறை கண்ட புராணம் கூறுகிறது.

சாயர்புரத்திலிருந்து தாமிரபரணியைக் கடந்து தென்கரை சேர்ந்தால் ஆழ்வார்திருநகரி. ஏடு தேடுவோர்க்கு அதுவே முதல் திருத்தலம். ஆராவமுதன்மீது பாடிய பத்துப் பாசுரங்களை மட்டும் கேட்ட நாதமுனிகள், ஆயிரத்துள் எஞ்சியவை எங்கே என்று தேடி வந்தது இங்கேதான். மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண் சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் முறை ஓத, நம்மாழ்வார் காட்சி தந்து நாலாயிரத்தையும் அருளினார் என்று வைணவப் பெரியோர் போற்றுவர்.

அதற்குப் பல நூற்றாண்டுகளுக்குப்பின் அதே ஊருக்கு மற்றொருவர் வந்தார். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்துவிட்டுப் பத்துப்பாட்டுக்கு நல்ல பிரதி தேடி அலைந்த உ.வே. சாமிநாதையர். கவிராயர்கள் பலர் வாழ்ந்த ஊர் அது. லட்சுமண கவிராயர் வீட்டில் சுவடிகள் குவிந்து கிடந்தன. புரட்டிப் பார்த்தார், தேடியது அகப்படவில்லை. மனம் தளர்ந்திருந்த இரவில், நிலவொளியில் பெருமாள் வீதியில் எழுந்தருளினார். ஐயர் தம் குறையை அங்கேயே முறையிட்டு நின்றார். சிறிது நேரத்தில் லட்சுமண கவிராயர், தம் உறவினர் வீட்டில் இருந்த ஒரு சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தார். நிலவிலேயே பிரித்துப் பார்த்தபோது கண்ணில் பட்டது முல்லைப்பாட்டு. சங்கும் சக்கரமும் ஏந்திய திருமாலின் தோற்றத்தோடு தொடங்கும் பாட்டு அது. பின்னாளில் ஐயர் இந்நிகழ்ச்சிக்கு ‘நிலவில் மலர்ந்த முல்லை’ என்று பெயரிட்டு எழுதினார். பத்துப்பாட்டு 1889-இல் அச்சாயிற்று. அதன் முதற்பாட்டாகிய திருமுருகாற்றுப்படை பதினோராந் திருமுறையிலும் இடம்பெற்று, இன்றளவும் முருகன் சந்நிதிகளில் ஓதப்படுகிறது.

ஆனால் அந்த வட்டாரத்தில் ஐயர் கண்ட மற்றவை மகிழ்ச்சி தருவன அல்ல. திருநெல்வேலியில் ஒரு வழக்கறிஞர் வீட்டில் வண்டிக்கணக்கில் ஏடுகள் இருந்தனவாம். ஆடிப் பதினெட்டில் ஏடுகளைத் தேர்போலக் கட்டி நீரில் விடுவது வழக்கம் என்று யாரோ சொல்ல, அப்படியே விட்டுவிட்டனர். கரிவலம்வந்தநல்லூர்ப் பால்வண்ணநாதர் கோயிலில் நிகழ்ந்தது இன்னும் கொடிது. பாண்டிய மன்னர் வழியில் கோயிலை வந்தடைந்த சுவடிகளைக் கேட்டபோது, பழுதுபட்ட ஏடுகளைக் கண்ட இடத்தில் எறியலாகாது, நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இடவேண்டும் என்று ஆகமம் கூறுவதாகவும், அவ்வாறே செய்துவிட்டதாகவும் விடை வந்தது. ஐயர் துடித்துப் போனார்.

நீரில் விட்டவரும் நெருப்பில் இட்டவரும் நாத்திகர் அல்லர். ஏட்டைக் காலால் மிதித்துவிடக்கூடாது, குப்பையில் சேர்த்துவிடக்கூடாது என்று அஞ்சிய பக்தர்கள். கறையானாவது பல்லாண்டு எடுத்துக்கொண்டது. பக்தி ஒரே நாளில் முடித்துவிட்டது. ஆகமத்தின் பெயரால் ஏடுகள் எரிந்தன என்றால், அந்த ஆகமங்களே ஏட்டில்தான் இருந்தன என்பதை எண்ணிப் பார்க்க ஒருவரும் இல்லாமற்போனது விந்தை. 1955-இல் புதுச்சேரியில் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் கோயில்களையும் சிவாசாரியார்களின் இல்லங்களையும் நாடிச் சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டினர். புதுச்சேரியில் உள்ள சுமார் 11,000 சைவச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றுள் பல, யாரோ ஒரு சிவாசாரியார் வீட்டுப் பரணில் தூசியோடு கிடந்தவையே.

அத்தகைய பரண்கள் இன்னும் உள்ளன. அறநிலையத் துறையும் கோயில்களில் உள்ள சுவடிகளைத் தேடிப் பராமரித்து மின்படியாக்கும் பணியை மேற்கொண்டுள்ளது. வீடுகளில்தான் கவனம் வேண்டும். தாத்தா வைத்திருந்த கட்டு என்று பூசையறையில் வைத்து, ஆண்டுதோறும் சந்தனமும் குங்குமமும் இட்டு, பக்கத்தில் விளக்கேற்றும் குடும்பங்கள் பல. ஈரச் சந்தனம் ஓலையில் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். குங்குமம் எழுத்தை மறைக்கும். விளக்கின் புகையும் எண்ணெயும் ஏட்டோடு ஏட்டை ஒட்டவைக்கும். பொட்டு மேற்சட்டத்தில் இருந்தால் போதும். ஒட்டிய ஏடுகளைக் கையால் பிரிக்க முயன்றால் ஒடிந்துவிடும். அதற்குரிய எண்ணெய் தடவிப் பக்குவமாகப் பிரிப்பதற்குத் தஞ்சை சரசுவதி மகால் போன்ற நூலகங்களில் பயின்றவர்கள் இருக்கின்றனர். படியெடுத்தபின் கட்டு வீட்டிலேயே இருக்கலாம்.

சரசுவதி பூசையன்று ஏடுகளை அடுக்கி வைத்து வழிபட்ட முன்னோர், அன்று ஒருநாள் மட்டுமே அவற்றைப் படிக்காமல் விட்டனர். மறுநாள் விசயதசமி. விடியற்காலையில் குளித்து வந்து, கயிற்றை அவிழ்த்து, ஒரு பாட்டாவது வாய்விட்டுப் படித்தபிறகே மற்ற வேலை.