ஆப்பிரிக்கா இருக்கட்டும், எறையூர் என்ன ஆச்சு?

தோழர்களே, ஆப்பிரிக்காவில் மறைபணி செய்ய, புதுப் பங்குகள் தொடங்கத் தமிழகக் குருக்கள் போகிறார்கள். போகட்டும். சாமிமாரிடம் நமக்கு ஒரே கேள்வி: எறையூரில் என்ன செய்தீர்கள்?

அன்றைய விழுப்புரம் மாவட்டம். தலித் கிறிஸ்தவர் பிணத்துக்குப் பொதுப்பாதை மறுக்கப்பட்டது; கல்லறையும் தனி. நம் மக்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று சேரி வீடுகள் நொறுக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் கிறிஸ்தவர் இருவர் செத்தார்கள். அடித்தவருக்கும் அடிபட்டவருக்கும் ஒரே மாதா, ஒரே மறைமாவட்டம்.

மதம் மாறினால் சாதி போய்விடும் என்பதுபோல, 1950 குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. போகவில்லை என்பதற்கு அந்த இரண்டு கல்லறைகளே சாட்சி.

வல்லத்திலிருந்து எறையூர் பஸ்ஸில் போகிற தூரம்தான். முதலில் அங்கே எல்லோரையும் ஒரே மண்ணில் புதையுங்கள். அப்புறம் விமானம் ஏறுங்கள்.