பந்து விளையாடுற பிள்ளைக்குப் பக்தி இல்லையா?

போன ஞாயிறு மைக்கில் ஒருவர் பேசினார்: "பந்து விளையாட நேரம் இருக்கு, தேவாரம் படிக்க நேரம் இல்லையா?" கேட்டுட்டு சும்மா இருக்க எங்களால முடியல.

நாங்கள் தொண்டர்கள் மட்டுமில்ல, பெற்றோரும்தான். எங்க வீட்டு வருசத்தைக் கேளுங்க. பள்ளி திறந்ததும் சீருடை இயக்கம், அப்புறம் ஓட்டப்பந்தயம், பிறகு மாவட்டக் காற்பந்து. புதன் புறப்பாடம், சனி பயிற்சி, ஞாயிறு ஆட்டம். அப்பா நைட் ஷிப்ட் முடிஞ்சு தூங்காம திடலுக்கு ஓடுறார். அம்மா மகளை டியூஷன்ல விட்டுட்டு வர்றாங்க.

இது பொழுதுபோக்கு இல்லைங்க. எஸ்.பி.எம். முடிச்சு அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனு போட்டா, தேர்வுக்கு 90, புறப்பாடத்துக்கு 10 என்றுதான் புள்ளி கணக்கு. அந்த 10-ஐ யார் கொடுப்பார்?

போன மாதம் ஒரு பையன் ஆட்டம் முடிஞ்சு, சேறு படிந்த ஜெர்சியோட சமய வகுப்புக்கு ஓடி வந்தான். வாசலிலேயே திருப்பி அனுப்பிட்டார்கள். கால் கழுவ குழாயைக் காட்டியிருக்கலாம். மூணு வாரமா அவன் வரல. நாங்களும் பார்த்துக்கிட்டுதான் நின்னோம். அந்தப் பாவம் எங்களுக்கும் உண்டு.

ஃபேக்டரியில் ஆள் குறைந்தால் முதலில் ஷிப்ட் அட்டவணையைத்தான் பார்ப்போம். காலை 10 மணி வகுப்பை மாலை 5 மணிக்கு மாற்றுங்கள். ஜெர்சியோட வந்தாலும் உள்ளே விடுங்கள். நாளைக்குத் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் நிற்கப்போவது இந்தப் பிள்ளைங்கதான்.

நிர்வாகம் கோபப்பட்டாலும் பரவாயில்லை. சரின்னு பட்டா பகிருங்க. சிவ சிவ.