‘நல்லா இருக்கு’ என்ற பதில் போதாது

கேள்வி: “நாங்கள் மூன்று ஏக்கரில் பாரம்பரிய நெல் சாகுபடி செய்கிறோம். பதினான்கு ரகங்களை விடாமல் காப்பாற்றி வருகிறோம். கல்லூரியில் படிக்கும் என் மகள் விடுமுறையில் ஓர் இணையதளம் தொடங்கி, ஒவ்வொரு ரகத்துக்கும் படம் போட்டு, சாகுபடி முறையும் எழுதியிருக்கிறாள். வருமானத்துக்காக இல்லை, ஆசைக்காகத்தான். சொந்தக்காரர்களும் வாட்ஸ்அப் குழுவில் உள்ளவர்களும் ‘சூப்பர்’, ‘அருமை’ என்கிறார்கள். ஆனால் போன் செய்கிறவர்கள், தளத்தில் எழுதியிருப்பதையே திரும்பக் கேட்கிறார்கள். குறை எங்கே இருக்கிறது? யாரிடம், எப்படிக் கேட்டுச் சரிசெய்வது?”

- ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்.

பதில்: சகோதரி, உங்கள் மகளுக்கு முதலில் என் வாழ்த்துகள். நெல் ரகங்களைக் காப்பாற்றுவது ஒரு வேலை என்றால், அவற்றைப் பற்றிய விவரத்தைக் காப்பாற்றுவது இன்னொரு வேலை. இரண்டும் ஒரே வீட்டில் நடக்கிறது.

உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ‘சூப்பர்’ என்பது அன்பு. அதை வைத்து எதையும் திருத்த முடியாது. தளத்தில் இருப்பதையே ஒருவர் போனில் கேட்கிறார் என்றால், அது அவர் கண்ணில் படவில்லை, அல்லது பட்டும் புரியவில்லை. அந்தப் போன்தான் உண்மையான கருத்து. இன்றே ஒரு நோட்டு எடுத்து, தேதி, எந்த ஊர், என்ன கேட்டார் என்று எழுதத் தொடங்குங்கள். ஒரே கேள்வி மூன்று முறை வந்தால், அந்தப் பக்கத்தில் கை வைக்க வேண்டும் என்று பொருள்.

கேட்காதீர்கள், செய்யச் சொல்லிப் பாருங்கள்

எங்கள் துறையில் பயிற்சி முடிந்ததும் “புரிந்ததா?” என்று கேட்டால் அத்தனை பேரும் தலையாட்டுவார்கள். “பத்து கிலோ விதைக்கு எவ்வளவு மருந்து எடுப்பீர்கள்?” என்று கேட்டால்தான் உண்மை தெரியும். இணையதளத்துக்கும் இதே வழிதான். “எப்படி இருக்கு?” என்று கேட்டால், முகத்துக்கு நேராக யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அதற்குப் பதிலாக, அக்கம்பக்கத்தில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். செல்போன் அதிகம் பழகாத ஒரு பெரியவர், மகளிர் குழுவில் ஒருவர், புதிதாக இயற்கை விவசாயத்துக்கு வந்த ஓர் இளைஞர் என்று கலந்து இருக்கட்டும். அவரவர் போனிலேயே தளத்தைத் திறக்கச் சொல்லி, ஆளுக்கு மூன்று வேலை கொடுங்கள்:

1. “தண்ணீர் தேங்கும் வயலுக்கு ஏற்ற ரகம் எது என்று கண்டுபிடியுங்கள்.”
2. “ஒரு ஏக்கருக்கு எவ்வளவு விதை வேண்டும், எந்த மாதம் விதைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.”
3. “விதை வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடுவது என்று பாருங்கள்.”

பிறகு உங்கள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இதில் கடினமான பகுதி வாயைத் திறக்காமல் இருப்பதுதான். “அங்கே இல்லை, மேலே அழுத்துங்க” என்று அவள் சொல்லிவிட்டால் சோதனை கெட்டது. அவர் விரல் எங்கே தயங்குகிறது, எதைத் தவறாக அழுத்துகிறார், எந்த வரியை இரண்டு முறை படிக்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளட்டும்.

ஐந்து பேர் போதுமா என்று தோன்றலாம். இணையதளங்களின் பயன்பாட்டை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் ஜேக்கப் நீல்சன் என்பவர் 2000ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதினார். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும். பதினைந்து பேரை ஒரேயடியாகக் கூட்டுவதைவிட, ஐந்து பேரிடம் பார்த்து, திருத்தி, மறுபடி வேறு ஐந்து பேரிடம் பார்ப்பது நல்லது என்பது அவர் சொன்னது. செலவில்லாத வேலை.

வரப்பில் நின்று படிக்க முடிகிறதா?

தளத்தின் தோற்றத்தை வீட்டுக்குள் கணினித் திரையில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உச்சி வெயிலில் வரப்பில் நின்று போனில் திறந்து பாருங்கள். இளம்பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து, வீட்டில் அழகாக இருக்கும். வெயிலில் ஒன்றுமே தெரியாது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துக்கு ஈடில்லை. எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

அடுத்தது படங்கள். இன்றைய போனில் எடுத்த படம் ஒன்று 3, 4 எம்.பி. இருக்கும். ஒரே பக்கத்தில் பத்து படம் போட்டால், சிக்னல் குறைந்த ஊரில் அது திறப்பதற்குள் ஆள் போய்விடுவார். ஒவ்வொன்றையும் 200 கே.பி. அளவுக்குச் சுருக்கிப் போட்டாலே போன் திரைக்குத் தாராளம். போன் நம்பர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கட்டும்.

கூகுள் சர்ச் கன்சோல் என்று ஓர் இலவச வசதி இருக்கிறது. எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் தளம் காட்டப்பட்டது என்பதை அதில் பார்க்கலாம். நீங்கள் ‘விதைநேர்த்தி’ என்று எழுதியிருக்க, மக்கள் ‘விதை ஊறவைப்பது எப்படி’ என்று தேடலாம். அவர்கள் சொல்லையும் தலைப்பில் சேர்த்துவிடுங்கள்.

அழகைவிட அளவு முக்கியம்

தோற்றத்தில் குறை இருந்தால் ஒருவர் எரிச்சலோடு போய்விடுவார், அவ்வளவுதான். விவரத்தில் குறை இருந்தால் அவருக்கு ஒரு போகமே போய்விடும். அதனால் அதிகக் கவனம் இங்கேதான் வேண்டும்.

‘சூடோமோனாஸ் 10 கிராம் கலந்து ஊறவைக்கவும்’ என்று மட்டும் எழுதினால் போதாது. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில், ஓர் இரவு என்று முழுதாக இருக்க வேண்டும். ‘பஞ்சகவ்யா 3 சதம்’ என்பதை, ‘10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி’ என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது. உங்கள் பகுதியில் ‘ஒரு மாவுக்கு’ என்றால் 100 குழி, சுமார் 33 சென்ட் என்பது எல்லோருக்கும் தெரியும். ஈரோட்டுக்காரருக்கும் தர்மபுரிக்காரருக்கும் தெரியாது. ஏக்கர் கணக்கையும் பக்கத்தில் கொடுங்கள்.

மிக முக்கியமானது பட்டம். வயது ‘160 நாள்’ என்று எழுதினால், எந்தப் பட்டத்தில் விதைத்து 160 நாள் என்று சொல்லியாக வேண்டும். நீண்ட காலப் பாரம்பரியச் சம்பா ரகங்கள் பலவும் பகல் பொழுது குறையும்போதுதான் கதிர் தள்ளும். அதை உங்கள் பகுதியில் ஆவணியில் விதைப்பவருக்குச் சிக்கல் இல்லை. அதே பக்கத்தைப் படித்துவிட்டு, வடமாவட்டத்தில் ஒருவர் நவரைப் பட்டத்தில், தை மாதம் விதைத்தால், அப்போது பகல் பொழுது நீண்டுகொண்டே போகும். பயிர் பச்சையாக வளரும், பூக்காது. அவர் உங்களைத் தேடி வந்து சொல்லப் போவதில்லை. ‘பாரம்பரிய நெல்லே வேண்டாம்’ என்று முடிவு கட்டிவிடுவார்.

ஆகவே ரகத்தின் குணத்தைப் பற்றி எழுதியதை, அதைப் பல வருடம் பயிர் செய்த இரண்டு மூத்த விவசாயிகளிடம் வாசித்துக் காட்டுங்கள். மருந்தளவும் உர அளவும் உள்ள பக்கங்களை உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டிச் சரிபாருங்கள். மொத்தத் தளத்தையும் பாருங்கள் என்றால் யாருக்கும் நேரம் இருக்காது. இரண்டு பக்கத்தை அச்செடுத்து, “இந்த ஐந்து அளவுகள் சரியா?” என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

விதையோடு சேதியும் திரும்பி வரட்டும்

உங்கள் மாவட்டத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழா உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2 கிலோ விதை வாங்கிப் போனவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. விதை பெருகியது ஒரு பலன். திருப்பித் தர வருகிறவர் தன் வயலில் அது எப்படி வந்தது என்பதையும் பேசிவிட்டுத்தான் போவார். அது இன்னொரு பலன். இணையதளத்தில் படித்தவருக்குத் திரும்பி வரக் காரணமே இல்லை. அந்தக் காரணத்தை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

விதை வாங்குகிறவரிடம் நான்கே விவரம் கேளுங்கள்: விதைத்த தேதி, கதிர் வந்த தேதி, அறுத்த தேதி, சாய்ந்ததா இல்லையா. அறுவடை சமயத்தில் உங்கள் மகளே ஒரு போன் போட்டு விசாரிக்கட்டும். அவர் சம்மதித்தால், மாவட்டம், மண் வகையோடு அந்த ரகத்தின் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். மூன்று வருடத்தில், எந்த ரகம் எந்த மண்ணில் எப்படி வரும் என்பதற்கு உங்கள் தளத்தில் நேரடிச் சான்று இருக்கும்.

கடைசியாக ஒன்று. வருகிற யோசனை எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. ஒருவர் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பார், இன்னொருவர் நிறத்தை மாற்றச் சொல்வார். ஒருவருடைய விருப்பம் என்றால் நோட்டில் இருக்கட்டும். ஒருவர் கண்டுபிடித்த தவறு என்றால் அன்றைக்கே திருத்துங்கள். பக்கத்தின் அடியில் ‘திருத்திய தேதி’ என்று போடுங்கள். குறை கேட்டு மகள் முகம் வாடினால், அவர் அக்கறையோடு கடைசி வரை படித்ததால்தான் அந்தக் குறை கண்ணில் பட்டது என்று சொல்லுங்கள்.

சம்பாவுக்கு விதை தேடுகிறவர்கள் ஆனி, ஆடியில்தான் அதிகம் வருவார்கள். அதற்குள் முதல் ஐந்து பேரைப் பார்த்து முடித்து, பட்டமும் அளவும் உள்ள பக்கங்களையாவது சரிசெய்துவிடுங்கள். மற்றவற்றை அறுவடைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.