கம்ப்யூட்டருக்கு வாய் உண்டு!

"கண் தெரியாத பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் எதற்கு?"

இப்படிக் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். படித்தவர்களும் கேட்கிறார்கள். பெற்றோர் பாசத்தினால் கேட்கிறார்கள். மற்றவர்கள் அலட்சியத்தினால் கேட்கிறார்கள்.

கேள்வியே தவறு. கம்ப்யூட்டர் கண்ணால் பார்ப்பதற்கு மட்டும் ஏற்பட்ட பெட்டி அல்ல. அது பேசும். திரையில் இருக்கும் எழுத்தை வாய்விட்டு வாசிக்கும். கடிதம் வந்தால் படித்துச் சொல்லும். நாம் எழுதினால், எழுதியதைத் திருப்பிச் சொல்லும்.

அந்தப் பேச்சைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் வாங்கும்போதே அதுவும் கூட வந்துவிடுகிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போல, பேசும் பெட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு, "எங்கள் பிள்ளைக்கு யார் படித்துக் காட்டுவார்கள்?" என்று கலங்கும் குடும்பங்கள் எத்தனை!

2011-ம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் பார்வைக் குறை உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். சர்க்கரை நோயாலும் முதுமையாலும் பார்வை மங்கியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆகவே இது யாரோ சிலருடைய விஷயம் அல்ல. ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய விஷயம்.

அது என்ன?

இந்த வசதிக்குத் "திரை வாசிப்பான்" என்று பெயர். ஆங்கிலத்தில் ஸ்கிரீன் ரீடர் என்பார்கள்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் இதற்கு "நரேட்டர்" என்று பெயர். 2000-ம் ஆண்டில் வந்த விண்டோஸ் முதல் இது இருந்து வருகிறது. ஆப்பிள் கம்ப்யூட்டரில் "வாய்ஸ் ஓவர்" என்று பெயர். அது 2005-ல் வந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் "டாக் பேக்" இருக்கிறது. ஐபோனிலும் வாய்ஸ் ஓவர் இருக்கிறது. இரண்டும் 2009-ல் வந்தவை.

அதற்கு முன்பு என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் டெட் ஹெண்டர் என்பவர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978-ல் ஒரு கார் விபத்தில் அவருக்குப் பார்வை போயிற்று. அவர் சோர்ந்து உட்காரவில்லை. கம்ப்யூட்டர் படித்தார். "ஜாஸ்" என்னும் திரை வாசிப்பானை 1989-ல் கொண்டுவந்தார். அது உலகெங்கும் பரவியது. ஆனால் அதன் விலை ஏழைகளுக்கு எட்டவில்லை.

2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் இளைஞர் "என்.வி.டி.ஏ." என்ற திரை வாசிப்பானைச் செய்யத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்பவர் அவருடன் சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். தங்களைப் போன்றவர்கள் பணம் கொடுக்காமல் பெற வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். இன்றும் அது இலவசம். தமிழும் பேசும்.

எப்படி வேலை செய்கிறது?

கம்ப்யூட்டருக்குள் யாரோ கண் வைத்துப் பார்ப்பதாக நினைக்க வேண்டாம். திரையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் உள்ளே ஒரு குறிப்பு உண்டு. "இது பொத்தான்", "இது தலைப்பு", "இது எழுதும் கட்டம்", "இது இன்னொரு பக்கத்துக்குப் போகும் வழி" என்று அந்தக் குறிப்பு சொல்லும். திரை வாசிப்பான் அதை எடுத்துக் குரலாக மாற்றுகிறது. குறிப்பு ஒழுங்காக இருந்தால் பேச்சும் ஒழுங்காக இருக்கும். குறிப்பு இல்லையென்றால் யந்திரம் என்ன செய்யும்? ஊமையாகிவிடும். இதை நினைவில் வையுங்கள். பின்னால் இதைப் பற்றிப் பேசுவோம்.

மூன்று பொத்தான்கள்

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். குரல் கேட்கும். திரையில் ஒரு நீலக் கட்டம் தோன்றும். குரல் எந்த இடத்தை வாசிக்கிறதோ, அந்த இடத்தை நீலக் கட்டம் காட்டும். மறுபடியும் அதே மூன்றையும் அழுத்தினால் குரல் நின்றுவிடும்.

பிறகு மவுஸைத் தேட வேண்டாம். டாப் பொத்தானை அழுத்த அழுத்த, ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர் சொல்லும். வேண்டியது வந்ததும் என்டரைத் தட்டலாம். பேச்சு போதும் என்றால் கண்ட்ரோலைத் தட்டினால் வாயை மூடிக்கொள்ளும்.

இணையப் பக்கங்களில் கேப்ஸ் லாக் பொத்தானையும், இடம் விடும் நீளப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் "ஸ்கேன்" முறை வரும். அந்த முறை இருக்கும்போது எச் என்ற எழுத்தைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். பத்திரிகையில் தலைப்பு பார்த்துப் படிக்கிறோம் அல்லவா? அதே போலத்தான்.

விரல் எப்படி எழுத்தைக் கண்டுபிடிக்கும்? விசைப்பலகையில் எஃப், ஜே என்ற இரண்டு எழுத்துக்களைத் தடவிப் பாருங்கள். சிறிய மேடு தட்டுப்படும். இரண்டு ஆள்காட்டி விரலையும் அங்கே வைத்தால், மற்ற எழுத்தெல்லாம் விரலுக்கு வசப்படும். தட்டெழுத்துப் பழகியவர்களுக்கு இது தெரியும். அவர்களும் விசையைப் பார்த்தா அடிக்கிறார்கள்?

தமிழில் கேட்க வேண்டுமானால், விண்டோஸ் அமைப்புகளில் தமிழ் மொழியையும் அதன் குரலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தமிழ்க் குரலுக்கு என்ன பெயர் தெரியுமா? "வள்ளுவர்"!

கைப்பேசியிலும் இப்படியே. அமைப்புகளில் "அணுகல்தன்மை" என்ற பகுதியில் டாக் பேக் இருக்கும். ஓர் எச்சரிக்கை. அதைப் போட்டபின், ஒரு முறை தொட்டால் பெயர் மட்டும் சொல்லும். இரு முறை தட்டினால்தான் திறக்கும். இது தெரியாமல், "போன் கெட்டுப் போச்சு" என்று பதறுகிறவர்கள் பலர். கெடவில்லை. நாம்தான் பழக வேண்டும்.

பழக்கம் வர எவ்வளவு நாள் ஆகும்? முதலில் குரல் அந்நியமாகத்தான் இருக்கும். உயிர் இல்லாத பேச்சாகத் தோன்றும். சில வாரம் பொறுத்தால் காது பழகும். பிறகு வேகத்தைக் கூட்டச் சொல்லும். நன்றாகப் பழகியவர்கள் கேட்கிற வேகத்தில் நமக்கு ஒரு சொல்கூடப் புரியாது!

உதவியும் உரிமையும்

"நாங்கள்தான் படித்துக் காட்டுகிறோமே, யந்திரம் எதற்கு?" என்று கேட்கலாம். அன்பான கேள்வி. ஆனால் யோசித்துப் பாருங்கள்.

உங்களுக்கு வரும் கடிதத்தை எப்போதும் இன்னொருவர் பிரித்துப் படித்தால் சம்மதிப்பீர்களா? உங்கள் பாங்கி இருப்பை அடுத்த வீட்டுக்காரர் வாசித்துச் சொன்னால் பிடிக்குமா? நண்பனுக்கு எழுதும் நாலு வரியைத் தம்பியிடம் சொல்லி எழுதச் சொல்வது எவ்வளவு கூச்சம்! கண் தெரியாதவர்களுக்கும் மனசு உண்டு, மானம் உண்டு, ரகசியமும் உண்டு.

உதவி செய்கிறவர் வெளியூர் போனால் படிப்பு நின்றுவிடுகிறது. திரை வாசிப்பான் வெளியூர் போவதில்லை. நடுராத்திரியில் கேட்டாலும் வாசிக்கும். பத்து முறை கேட்டாலும் சலித்துக்கொள்ளாது.

சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபினைப் பாருங்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பெற்றோர் வாசித்துக் காட்டியும், பேசும் கம்ப்யூட்டரின் துணை கொண்டும் படித்தார். 2015-ல் இந்திய வெளிநாட்டுப் பணியில் சேர்ந்தார். முற்றிலும் பார்வையற்ற ஒருவர் அந்தப் பணிக்கு வந்தது அதுவே முதல் தடவை. அந்த வீட்டில், "கண் தெரியாத பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு?" என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பிரெயில் வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். 1809-ல் பிரான்சில் பிறந்த லூயி பிரெயில், மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் ஊசி குத்திப் பார்வை இழந்தவர். ஆறு புள்ளிகளைக் கொண்டு எழுத்தை விரலுக்குக் கொடுத்தார். 1829-ல் அந்த முறையை வெளியிட்டார். தமிழுக்கும் பிரெயில் எழுத்து உண்டு.

காதால் மட்டும் படித்தால் ஒரு குறை வரும். "மனம்", "மணம்" இரண்டையும் குரல் ஏறக்குறைய ஒரே மாதிரி சொல்லும். "பலம்", "பழம்" என்றெல்லாம் எழுத்து வேறுபாட்டை விரல்தான் தெளிவாகச் சொல்லும். காதால் மட்டும் கேட்டு வளரும் குழந்தை எழுத்துப் பிழை செய்யும். ஆகையால் சிறு பிள்ளைகளைப் பார்வையற்றோர் பள்ளியில் சேர்த்துப் பிரெயில் கற்பியுங்கள். பாளையங்கோட்டையிலும் பூவிருந்தவல்லியிலும் இப்படிப்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. பிரெயில் ஒரு கை. குரல் ஒரு கை. இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஓசை.

புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெரியவர்களுக்கும் இது பயன்படும். குரல் சொல்வதைக் கேட்டுக்கொண்டே, நீலக் கட்டத்தில் உள்ள எழுத்தைக் கண்ணால் பார்க்கலாம். தப்பாகப் படித்தால் சிரிக்க ஆள் இல்லை!

யார் செய்யும் குற்றம்?

இனி நாம் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு வருவோம். யந்திரம் தயார். பிள்ளைகள் தயார். தயாராக இல்லாதவர்கள் நாம்தான்.

அலுவலகங்களில் ஒரு அறிவிப்பைத் தாளில் அச்சடிக்கிறார்கள். அதைப் படம் பிடிக்கிறார்கள். அந்தப் படத்தை இணையத்தில் போடுகிறார்கள். கண் உள்ளவர்கள் படித்துவிடுவார்கள். திரை வாசிப்பானுக்கோ அது வெறும் படம். "படம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நின்றுவிடும். வேலைக்கு மனுப்போடக் கடைசித் தேதி அந்தப் படத்துக்குள் இருக்கிறது. அது தெரியாமல் ஒரு இளைஞன் வேலையை இழக்கிறான். இது யார் செய்த குற்றம்?

இன்னொரு கொடுமை பழைய தமிழ் எழுத்துருக்கள். திரையில் தமிழ் போலத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. பாமினி என்ற எழுத்துருவில் "அம்மா" என்று அடித்தால், உள்ளே இருப்பது "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்". திரை வாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். அம்மா என்ற சொல்லே அலங்கோலமாகிவிடுகிறது! யூனிகோடு முறையில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. 2010-லேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவைக் கட்டி அழுவது நியாயமா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல்கள் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அரசாங்க வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத இடம் ஒதுக்கியதும் அந்தச் சட்டமே. அதில் 1 சதவீதம் பார்வைக் குறை உள்ளவர்களுக்கு. வேலைக்கு இடம் ஒதுக்கிவிட்டு, மனுவைப் படிக்க முடியாமல் வைத்தால் என்ன பயன்? கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படியை இடித்ததைப் போல அல்லவா இருக்கிறது?

பாங்கிக் கணக்குத் தொடங்க, "காமிராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று கேட்கும் முறை இருக்கிறது. பார்வையற்றவர் எங்கே பார்ப்பார்? எப்படிச் சிமிட்டுவார்? இந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2025-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி தீர்ப்பு வந்தது. இணைய வசதிகளை அடைவது, உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று கோர்ட்டு கூறியது. முறைகளை மாற்றும்படி உத்தரவிட்டது. வரவேற்க வேண்டிய தீர்ப்பு. தீர்ப்பு தாளில் தூங்காமல் பார்த்துக்கொள்வது அதிகாரிகளின் பொறுப்பு.

செய்ய வேண்டியவை

அதிகாரிகளுக்குச் சொல்கிறோம்: அறிவிப்பைப் படமாகப் போடாதீர்கள், எழுத்தாகப் போடுங்கள். படம் அவசியம் என்றால், அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். தமிழை யூனிகோடில் அடியுங்கள். இதற்குத் தனிப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. சிறிது அக்கறை போதும்.

ஆசிரியர்களுக்குச் சொல்கிறோம்: பள்ளிக் கம்ப்யூட்டரில் திரை வாசிப்பானைப் போட்டுக் காட்டுங்கள். கண் உள்ள பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும். நாளைக்கு இணையப் பக்கம் செய்யப் போகிறவர்கள் அவர்கள்தானே!

இளைஞர்களுக்குச் சொல்கிறோம்: நீங்கள் அனுப்பும் படத்துக்குக் கீழே நாலு சொல் எழுதுங்கள். "தங்கையின் கல்யாணப் படம். மணமக்கள் மாலையோடு நிற்கிறார்கள்." இவ்வளவு போதும். பார்வை இழந்த தாத்தாவும் அந்தக் கல்யாணத்தைப் பார்த்துவிடுவார்.

பெற்றோர்களுக்குச் சொல்கிறோம்: பிள்ளையைக் கம்ப்யூட்டரிடமிருந்து விலக்கி வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். அந்த மூன்று பொத்தான்களையும் அழுத்துங்கள். பிள்ளையின் விரலை எஃப், ஜே மேட்டில் வையுங்கள். பிறகு கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். தடுமாறினால் தடுமாறட்டும். பிழை செய்தால் செய்யட்டும். நாமும் அப்படித்தான் நடக்கக் கற்றோம்.

யந்திரம் வாயைத் திறந்துவிட்டது. நாம் மனதைத் திறக்க வேண்டும்.