விழப்போகிற பல் அல்ல

ஆறு வயதில் முன்பல் ஆடத் தொடங்கினால் வீடே அதைக் கவனிக்கிறது. விழுந்த பல்லைக் கூரையில் எறிவது வரை சடங்குகள் உண்டு. ஏறக்குறைய அதே மாதங்களில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், வாயின் கோடியில் இன்னொரு பல் சத்தமில்லாமல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமலே வருவதால் யார் கண்ணிலும் படுவதில்லை. பட்டாலும் பால் பல் என்றே பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். “எப்படியும் விழப்போகிற பல்தானே?”

இல்லை. அது நிரந்தரக் கடைவாய்ப் பல். எழுபது வயதிலும் மென்று தின்ன வேண்டிய பல். டெல்லி கேட் அருகே உள்ள மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிலையமாகட்டும், எய்ம்ஸின் பல் மருத்துவ மையமாகட்டும், குழந்தைகள் பிரிவு டாக்டர்கள் பெற்றோருக்கு முதலில் புரியவைக்க வேண்டிய விஷயம் இதுதான். சொல்லும் நேரத்தில் பல பற்கள் ஏற்கனவே கறுத்துப் போயிருக்கின்றன என்பதுதான் வேதனை.

இந்தப் பல்லின் அமைப்பே வினை. மேற்பரப்பு முழுக்கக் குழிகள், வரிப் பள்ளங்கள். சில பள்ளங்கள் பிரஷ்ஷின் ஒற்றை இழையைவிடக் குறுகலானவை. எவ்வளவு தேய்த்தாலும் அடி வரை எட்டாது. பிஸ்கட்டும் சிப்ஸும் மட்டும் தாராளமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக்க, இன்னும் முழுதாக இறுகாத புது எனாமல் கரையத் தொடங்குகிறது. ஃப்ளோரைடு பேஸ்ட் பல்லின் வழவழப்பான பக்கங்களைக் காக்கும் அளவுக்கு இந்தப் பள்ளங்களைக் காப்பதில்லை. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நடத்திய தேசிய ஆய்வில் 12 வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சொத்தைப் பல் இருந்தது.

பள்ளத்தைச் சுத்தம் செய்ய முடியாவிட்டால் மூடிவிட்டால் என்ன? இந்த எளிய யோசனைக்கு வழிவிட்டவர் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனோகோர். பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சற்றே சொரசொரப்பாக்கினால் பிளாஸ்டிக் பிசின் அதில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்று 1955இல் அவர் காட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் சீலன்ட்.

ஊசி இல்லை, டிரில் இல்லை. பல்லைச் சுத்தம் செய்து, அரை நிமிடம் அமில ஜெல் தடவிக் கழுவி, நன்றாக உலர்த்துகிறார்கள். பள்ளங்களில் திரவப் பிசினை ஓடவிட்டு நீல ஒளி காட்டினால் சில விநாடிகளில் இறுகிவிடுகிறது. எச்சில் பட்டால் மட்டும் ஒட்டாது. பாதி முளைத்த, உலர்த்த முடியாத பல்லுக்கு கிளாஸ் அயனோமர் என்ற சிமென்ட் உண்டு. சீக்கிரம் உதிரும், ஆனால் ஃப்ளோரைடு கசியவிடும்.

பலன்? கடைவாய்ப் பற்களில் வரும் சொத்தையில் 80 சதவிகிதத்தை முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தடுக்கிறது என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம். நான்கு ஆண்டுகள் வரை பாதியைத் தடுக்கிறது. தனியார் கிளினிக்கில்கூட ஒரு பல்லுக்கு ஆகும் செலவு, பின்னால் ரூட் கேனாலும் கேப்பும் போட ஆகும் தொகையில் சிறு பங்குதான்.

உள்ளே சொத்தையை வைத்து மூடிவிட்டால்? பெற்றோர் அடிக்கடி கேட்கும் நியாயமான கேள்வி. குழி விழாத ஆரம்பக் கட்டச் சொத்தை, காற்றுப் புகாமல் மூடப்பட்டால் உணவின்றி அடங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழி விழுந்துவிட்டால் அடைக்கத்தான் வேண்டும். பிசின் உதிர்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவும் வேண்டும். இரு பற்களின் இடுக்கில் வரும் சொத்தையை சீலன்ட் தடுக்காது, பல் துலக்குவதிலிருந்து விடுதலையும் தராது.

சிக்கல் சிகிச்சையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் பள்ளிக்கே வந்து சீலன்ட் போடுகிறார்கள். இங்கே பிள்ளை பல் டாக்டரை முதன்முதலில் பார்ப்பது பெரும்பாலும் வலி வந்த பிறகு. வலிக்கிற பல்லுக்கு சீலன்ட் பயன்படாது.

வீட்டிலேயே டார்ச் அடித்துப் பார்க்கலாம். முன்பற்களின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ண வேண்டும். விழுந்த பல்லின் இடத்தையும் சேர்த்து. ஆறாவதாக ஒரு பல் தெரிந்தால் அது விழப்போவதில்லை. நான்கு பக்கமும் எண்ண வேண்டும். ஏழாவது 12 வயதுவாக்கில் வரும். அப்போது மறுபடியும் டார்ச் வேண்டும்.