சிரிக்காமல் இருக்கும் உரிமை

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களின் பின்னணியில் கேட்கும் சிரிப்பொலியைப் பற்றிப் பேச்சு எழுந்தால், எங்கே சிரிக்க வேண்டும் என்று நமக்கே சொல்லிக்கொடுக்கிறார்களா என்ற கோபம்தான் முதலில் வருகிறது. ‘தி ஆபீஸ்’, ‘அரெஸ்டட் டெவலப்மென்ட்’ போன்ற சிரிப்பொலி இல்லாத தொடர்களில் பழகிய காதுக்கு ‘ஃபிரெண்ட்ஸ்’ உறுத்துகிறது. இந்தக் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதி, வெவ்வேறான இரண்டு காரியங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது. தளத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களின் சிரிப்பு ஒன்று; ஒலிநாடாவிலிருந்து எடுத்து ஒட்டிய சிரிப்பு வேறொன்று. எதிரே உட்கார்ந்திருப்பவர் சிரிக்காமல் இருந்துவிடலாம். அந்த உரிமை அவரிடம் இருப்பதால்தான் அவர் சிரிப்புக்கு மதிப்பு.

1951-இல் ‘ஐ லவ் லூசி’ தொடர் தொடங்கியபோது அதன் நாயகி லூசில் பாலும் அவர் கணவர் டெசி அர்னாஸும் ஹாலிவுட் படப்பிடிப்புத் தளத்துக்குள்ளேயே சுமார் 300 பேருக்கு இருக்கைகள் போட்டார்கள். ‘மெட்ரோபொலிஸ்’ படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவரான கார்ல் ஃபிராய்ண்ட், மூன்று ஃபிலிம் கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடுவதற்கு ஏற்ப ஒளியமைத்தார். காட்சிகள் மேடை நாடகம் போலத் தொடர்ச்சியாக நடிக்கப்பட்டன; பார்வையாளர்களின் தலைக்கு மேல் தொங்கிய மைக்குகள் அவர்கள் சிரிப்பைப் பிடித்தன. லூசில் பாலின் தாயார் டிடி அங்கே வழக்கமாக வந்து உட்காருவார். மகள் வம்பில் மாட்டப்போகிறாள் என்று தெரிந்ததும் அவர் பதறி எழுப்பும் குரலை இன்றும் ஒலிப்பதிவில் கேட்கலாம். 1957-இல் ஒளிபரப்பான ஒரு எபிசோடில், லூசி சட்டைக்குள் முட்டைகளை ஒளித்துவைத்திருப்பது தெரியாமல் கணவர் டாங்கோ நடனத்தில் அவரை இழுத்து அணைக்கிறார். முட்டைகள் நொறுங்குகின்றன. லூசி ஒன்றும் பேசவில்லை. முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறார். அரங்கம் 65 விநாடி சிரித்தது என்றும், ஒளிபரப்புக்காக அதைக் குறைக்க வேண்டியிருந்தது என்றும் அந்தத் தொடரின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. எந்த வசனகர்த்தாவும் தாளில் எழுதியிருக்க முடியாத நேரம் அது. எதிரே இருந்தவர்கள் கொடுத்தார்கள், நடிகை வாங்கிக்கொண்டார். நம் சபா நாடகங்களில் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வசனத்தை எடுக்கும் நடிகரைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் நன்றாகப் புரியும்.

கூட்டம் கதையையே திருப்பிய சம்பவமும் உண்டு. 1998-இல் ‘ஃபிரெண்ட்ஸ்’ குழு லண்டனில் படம்பிடித்தபோது, சாண்ட்லர் என்ற பாத்திரத்தின் படுக்கையில் போர்வைக்குள்ளிருந்து தோழி மோனிகா தலை தூக்கியதும் எழுந்த ஆரவாரம் அடங்கவே நேரமாயிற்று. கொஞ்ச நாளில் முடித்துவிட நினைத்திருந்த உறவை எழுத்தாளர்கள் அதன் பிறகு கல்யாணம் வரை கொண்டுபோனார்கள்.

ஒட்டுச் சிரிப்பின் வரலாறு இதற்கு நேர் எதிர். 1950-இல் ‘தி ஹாங்க் மெக்கூன் ஷோ’வில் தலைகாட்டிய அந்த வழக்கத்தை ஒரு தொழிலாகவே ஆக்கியவர் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர். அவர் கட்டிய பெட்டியில் விதவிதமான சிரிப்புகள் நாடாச் சுருள்களில் ஏற்றப்பட்டிருந்தன. தட்டச்சு இயந்திரம் போல விசைகளைத் தட்டினால் கிளுகிளுப்பு, குபீர்ச் சிரிப்பு, பெருஞ்சிரிப்பு என்று வேண்டியது வரும். காலடி மிதியால் சத்தத்தை ஏற்றி இறக்கலாம். பெட்டியைப் பூட்டு போட்டுப் பூட்டி ஸ்டூடியோ ஸ்டூடியோவாகக் கொண்டுபோவார். நல்ல நகைச்சுவைக்கும் மோசமான நகைச்சுவைக்கும் அந்தப் பெட்டி ஒரே மாதிரிதான் சிரித்தது. ஏமாந்தவர் வீட்டில் இருக்கும் ரசிகர் மட்டும் என்று நினைக்கக் கூடாது. எந்த வரி விழுந்தது, எந்த வரி நின்றது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பையே எழுத்தாளர் இழந்தார். அதுதான் பெரிய நஷ்டம்.

1972-இல் தொடங்கிய ‘மேஷ்’ இந்த அபத்தத்தை அப்பட்டமாகக் காட்டியது. கொரியப் போர்முனையில் இயங்கும் ராணுவ மருத்துவமனையின் கதை அது. கூடாரத்துக்குள் மருத்துவர்கள் கேலி பேசும்போது சிரிப்பது யார்? தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட் எதிர்த்தும் அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனம் விடவில்லை. அறுவை சிகிச்சைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு வேண்டாம் என்று சமரசம் ஆயிற்று. பிரிட்டனில் பிபிசி சிரிப்பொலியை நீக்கியே ஒளிபரப்பியது. அங்கே அந்தத் தொடருக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

ஒட்டுச் சிரிப்பு பலன் தருகிறதே என்பார்கள். பலன் உண்மைதான். 2019-இல் லண்டனைச் சேர்ந்த ஆய்வாளர் சோஃபி ஸ்காட்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், சாதாரணக் கடி ஜோக்குகள்கூடச் சிரிப்பொலி சேர்த்தபோது கூடுதல் வேடிக்கையாகப் பட்டன. ஆனால் வலிந்து சிரித்த சிரிப்பைவிடத் தன்னியல்பாக வந்த சிரிப்புதான் அதிகம் எடுபட்டது என்பதும் அதே ஆய்வின் முடிவு. போலிச் சிரிப்பு பலிக்கிறது என்பது அதற்கு வக்காலத்தும் ஆகாது. மோசமான வரியைக் கேட்பவர் மனத்தில் அது உயர்த்திக் காட்டுகிறது என்பதுதானே நம் குற்றச்சாட்டு?

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. தளத்துக் கூட்டமும் கலப்படமற்றதல்ல. படப்பிடிப்புக்கு முன்பே ஒரு கலைஞர் வந்து அவர்களைச் சிரிக்கவைத்துச் சூடேற்றுகிறார். ஒரே காட்சியை மறுபடி மறுபடி எடுக்கும்போது சிரிப்பு தேய்கிறது. போதாத இடத்தில் பதிவு செய்த சிரிப்பைக் கலக்கிறார்கள். டக்ளஸின் பெட்டிக்கு இந்த வேலையும் இருந்தது. இதை மறுக்க முடியாது. இருந்தாலும், ஆள் சிரிக்காத வரியை அந்தத் தளத்திலேயே எழுத்தாளர்கள் கூடி மாற்றி, அடுத்த டேக்கில் புது வரியைக் கொடுப்பதும் அங்கே வழக்கம். பெட்டிக்கு முன்னால் யாரும் ஒரு வரியைக்கூட மாற்றியதில்லை. கலப்படம் இருக்கிறது என்பதற்காக அசலே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

‘ஃபிரெண்ட்ஸ்’ காட்சிகளில் சிரிப்பை அழித்துவிட்டு, பாருங்கள் எவ்வளவு வெறுமை என்று காட்டும் வீடியோக்கள் பரவுகின்றன. அது நியாயமான சோதனை அல்ல. அந்த இடைவெளிகளில் நடிகர்கள் எதிரே இருந்த மனிதர்களுக்காகக் காத்திருந்தார்கள். மனிதர்களை அழித்துவிட்டு, காத்திருந்தவர்களைக் குறை சொல்வது என்ன நேர்மை? ‘தி ஆபீஸ்’ அந்தக் காத்திருப்பு இல்லாமலே எழுதப்பட்டது. சங்கடமான மௌனம்தான் அதன் பலம். இரண்டும் இரண்டு கலைகள், ஒன்றை வைத்து மற்றொன்றை மட்டம் தட்ட வேண்டியதில்லை. ஆள் முன் நிகழ்த்தும் கலைக்கு அந்த ஆட்கள் எவ்வளவு அவசியம் என்பது, 2020-இல் கொரோனா வந்து அமெரிக்க இரவு நிகழ்ச்சிகளின் அரங்குகள் காலியானபோது தெரிந்தது; வருடக்கணக்காக ஜோக் சொல்லிவந்தவர்களில் சிலரே தாளம் தவறினார்கள்.

ஆகவே தயாரிப்பாளர்களிடம் கேட்க வேண்டியது சிரிப்பொலியை ஒழிக்கச் சொல்லி அல்ல, உண்மையைச் சொல்லச் சொல்லித்தான். 1982-இல் தொடங்கிய ‘சியர்ஸ்’, நேரடிப் பார்வையாளர் முன் எடுக்கப்பட்டது என்று எபிசோடுகளில் அறிவித்தது. அதே போல, சிரிப்பு கலக்கப்பட்டிருந்தால் அதையும் அறிவிக்கட்டும். ‘மேஷ்’ டிவிடிகளில் சிரிப்பொலி இல்லாத ஒலித்தடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி தரப்பட்டது. ஒரே தொடருக்குப் பல மொழி ஒலித்தடங்களைத் தரும் இன்றைய ஓடிடி தளங்களுக்கு, பெட்டிச் சிரிப்பை ஒட்டிய பழைய தொடர்களில் தனி ஒலித்தடம் கிடைக்கும் இடத்திலெல்லாம் இந்த வசதியைத் தருவது பெரிய காரியம் அல்ல.